குறுக்கே அளந்தீங்களா?

போன தை மாதம் என் அத்தை ஒரு துண்டு நிலம் வாங்கப் போனார். பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில், பத்துப் பன்னிரண்டு தென்னை, ஓரத்தில் இரண்டு பனை, ஒரு பக்கம் சாய்வாக ஓடும் வாய்க்கால். புரோக்கர் டேப் பிடித்து நாலு பக்கமும் அளந்தார். 120 அடி, 90 அடி, 110 அடி, 100 அடி. ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்கும் போட்டார். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் 115, 95. பெருக்கினால் 10,925 சதுர அடி. செண்டுக்கு 435.6 சதுர அடி. ஆகவே 25 செண்ட், அதற்கு மேலே கொஞ்சம்.

ராத்திரி அத்தை போன் செய்தார்.

"கண்ணு, இருபத்தஞ்சு செண்டுன்னு சொல்றாங்க. நீதான் கணக்குச் சொல்லிக் குடுக்கறவளாச்சே, சரியான்னு பாரேன்."

"குறுக்கே அளந்தாங்களா அத்தை?"

"சுத்தி அளந்தாச்சே, அப்புறம் எதுக்குக் கண்ணு குறுக்கே?"

நியாயமான கேள்விதான். அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட நாலு குச்சியை எடுத்துக் காட்டுவது சுலபம். மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் அதைத்தான் செய்தேன். நாலு மூங்கில் சிம்புகளை மூலைக்கு ஒரு ஆணி வைத்துச் சட்டம்போல் இணைத்தேன். ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் சட்டம் சாய்கிறது. இன்னும் தள்ளினால் நசுங்கிப் படுத்தே விடுகிறது. பக்கங்கள் நான்கும் அப்படியே இருக்கின்றன, உள்ளே இருக்கும் இடம் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. இப்போது மூலைக்கு மூலை ஒரு குச்சியை வைத்து அடித்தேன். சட்டம் அசையவில்லை. பந்தல் போடுகிறவர்கள் காலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுப்பது இதற்குத்தான். நாற்கரம் ஆடும், முக்கோணம் ஆடாது. மூன்று பக்கத்தையும் சொல்லிவிட்டால் முக்கோணத்துக்கு வேறு வழியே இல்லை, ஒரே வடிவத்தில்தான் நின்றாக வேண்டும்.

அத்தை குச்சிச் சட்டத்தைக் கையில் வாங்கி நாலைந்து தடவை ஆட்டிப் பார்த்தார். அப்புறம், "வா, அளந்துட்டு வரலாம்" என்றார்.

குறுக்களவு 110 அடி வந்தது. நிலம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்துவிட்டது. ஒன்றின் பக்கங்கள் 120, 90, 110. மற்றொன்றின் பக்கங்கள் 110, 100, 110. ஒன்பதாம் வகுப்பில் ஹெரான் சூத்திரம் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம்: மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கு, அந்த அரைச்சுற்றளவிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழி, நான்கு எண்களையும் பெருக்கு, வர்க்கமூலம் எடு. இங்கே இரண்டு முக்கோணத்துக்கும் அரைச்சுற்றளவு 160 என்றே அமைந்தது. முதலாவதற்கு 160, 40, 70, 50 ஆகியவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 4,733. இரண்டாவதற்கு 160, 50, 60, 50, விடை 4,899. கூட்டினால் 9,632 சதுர அடி. அதாவது 22.1 செண்ட். கேரளத்தில் ஆதாரத்தில் (பத்திரத்தில்) எழுதுகிற ஆர் கணக்கில் (ஒரு ஆர் என்றால் 100 சதுர மீட்டர்) சொன்னால் 9 ஆருக்குச் சற்றுக் குறைவு.

25 எங்கே, 22 எங்கே. கிட்டத்தட்ட மூன்று செண்ட் இல்லாத இடத்துக்கு அத்தை பணம் கொடுக்க இருந்தார்.

புரோக்கரை நான் குறை சொல்ல வரவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் அளந்தார்கள், அவரும் அதை நம்பி அளந்தார். நிலம் நேர்ச்சதுரமாகவோ செவ்வகமாகவோ இருந்தால் அந்தக் கணக்கு சரியாகவே வரும். மூலை சாயச் சாய அது கூடுதலாகக் காட்டும். குறைவாக ஒருநாளும் காட்டாது, அதனால் நஷ்டம் எப்போதும் வாங்குகிறவருக்குத்தான். அந்த 120க்கும் 90க்கும் நடுவே உள்ள மூலையை, மூன்று பக்கத்திலிருந்து கோணத்தைத் தருகிற கொசைன் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 61 டிகிரி. 90 இருக்க வேண்டிய இடத்தில் 61 என்றால் கண்ணுக்கே தெரிந்திருக்க வேண்டும். வாய்க்காலும் மரங்களும் மறைத்துவிட்டன.

இன்னொன்றையும் அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்கிட்டேன். இந்த நாலு பக்கங்களை வைத்துக்கொண்டு அதிகபட்சம் எவ்வளவு இடத்தை வளைக்க முடியும்? நாலு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் விழும்படி நிறுத்தினால்தான் பரப்பு மிக அதிகம். அந்தப் பரப்புக்கான சூத்திரத்தைப் பழைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஹெரான் சூத்திரத்தின் அண்ணன் மாதிரி இருக்கும்: அரைச்சுற்றளவு 210, அதிலிருந்து நாலு பக்கத்தையும் கழித்தால் 90, 120, 100, 110. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 10,899.5. புரோக்கரின் எண் 10,925. அதாவது அந்த நாலு பக்கங்களை எப்படித் திருப்பி வைத்தாலும், உலகத்தில் எந்த இடத்தில் வைத்தாலும், அவர் சொன்ன பரப்பு வரவே வராது. இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அத்தையிடம் விளக்க முடியவில்லை. அவர் 22 செண்டுக்கே விலை பேசி முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

நான் சாயங்காலங்களில் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலும் கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படிப்பவர்கள், என்னை 'டீச்சர்' என்பார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் போகிற இரண்டு மூன்று பேர் 'மிஸ்' என்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் முக்கோணம் என்றால் பயம். அதற்குக் காரணம் பல வருஷமாகப் பார்த்ததில் எனக்குப் புரிந்திருக்கிறது. கணக்கைப் பார்த்ததும் 'எந்தச் சூத்திரம்?' என்று தேடுகிறார்கள். 'என்னென்ன தெரியும், அது போதுமா?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்கும்படி நாம் பழக்கவும் இல்லை. ஒரு முக்கோணத்தில் மூன்று பக்கம், மூன்று கோணம் என ஆறு செய்திகள். அதில் மூன்று தெரிந்தால் மற்ற மூன்றையும் பிடித்துவிடலாம் என்பதுதான் இந்தப் பாடம் முழுக்கச் சொல்வது. ஆனால் எந்த மூன்று? மூன்று கோணம் மட்டும் தெரிந்தால் வடிவம் தெரியும், அளவு தெரியாது. நகப்பிரமாணமும் அதே வடிவம், மலைப்பிரமாணமும் அதே வடிவம். மூன்று பக்கம் என்றால் அத்தை நிலம்போல உறுதி. இரண்டு பக்கமும் நடுவிலுள்ள கோணமும் உறுதி. ஒரு பக்கமும் இரண்டு கோணமும் உறுதி. இரண்டு பக்கமும் நடுவில் இல்லாத கோணமும் என்றால்... அதில் நானே ஒருமுறை தவறு செய்தேன், பிறகு சொல்கிறேன்.

ஒரு பக்கமும் கோணங்களும் போதும் என்பதை நம்பி ஒரு தேசத்தையே அளந்திருக்கிறார்கள். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். சுமார் ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறக்குறைய 400 தடவை விரித்து மடக்கி அளந்த கோடு. அதற்குப் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. கோட்டின் இரு முனையிலிருந்தும் தூரத்து மலை ஒன்றைப் பார்த்துக் கோணங்களை எடுத்தால், சைன் சூத்திரம் மற்ற இரண்டு பக்கங்களையும் தந்துவிடும். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடி. இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கோத்துக்கொண்டு மேற்குக் கடற்கரையில் மங்களூர்வரை போனார்கள். அதுவரை வரைபடங்களில் 400 மைல் என்று இருந்த தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம், அத்தையின் மூன்று செண்ட்போலவே, தாளில் மட்டும் இருந்திருக்கிறது.

அவர்கள் கோணம் அளக்கப் பயன்படுத்திய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் வாரக்கணக்கில் அமர்ந்து வளைந்த வட்டத்தைத் தன் கையாலேயே நிமிர்த்தினார். கோணம் பார்க்கும் வட்டம் கோணினால் எல்லா முக்கோணமும் கோணிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த மனிதரின் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

சைன் என்ற சொல்லைப் பற்றி ஒன்று. பிள்ளைகளுக்கு அது வெறும் கால்குலேட்டர் பொத்தான். ஆனால் அது நம் ஊர் வில்லிலிருந்து போனது. வட்டத்தின் ஒரு துண்டு வில், அதன் இரு முனையையும் இணைப்பது நாண். சமஸ்கிருதத்தில் ஜ்யா என்றால் வில்லின் நாண்தான். பாதிக்கோணத்துக்குப் பாதி நாணை எடுத்துக்கொண்டு ஆரியபடர் அட்டவணை போட்டார். அந்தச் சொல் ஜீவா என்றாகி, அரபிக்குப் போய், அங்கே எழுத்து மயக்கத்தில் சட்டை மடிப்பைக் குறிக்கும் வேறொரு சொல்லாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் அதே பொருளில் மொழிபெயர்ந்து, சைன் என்று திரும்பி வந்திருக்கிறது. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் நாண், மலையாளப் புத்தகத்தில் ஞாண். எங்கள் பிள்ளைகள் இரண்டையும் ஒரே தெருவில் கேட்கிறார்கள்.

இதைச் சொல்லித்தான் நான் சைன் சூத்திரத்தைத் தொடங்குவேன். எந்த முக்கோணத்தின் மூன்று மூலை வழியாகவும் ஒரு வட்டம் வரையலாம். அப்போது மூன்று பக்கமும் அந்த வட்டத்தின் நாண்கள். வட்டத்தின் விட்டம் 1 என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் அதன் எதிர்க்கோணத்தின் சைன்தான். அவ்வளவுதான் சூத்திரம். படம் வரைந்த பிறகு அதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

இங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் இரிஞ்ஞாலக்குடா போய்விடலாம். பழைய கேரளக் கணித அறிஞர் சங்கமகிராமத்து மாதவரின் ஊர் அதுதான் என்று பலரும் கருதுகிறார்கள். 1340 வாக்கில் பிறந்தவர். கால் வட்டத்தை 24 பங்காக்கி அவர் தந்த சைன் மதிப்புகள் ஏழு தசம இடம் அளவுக்குச் சரி. எண்களை எழுத்துகளாக மாற்றிச் செய்யுளில் அடைத்து வைத்தார், அதனால்தான் அவை தொலையாமல் வந்தன. அவர் வழியில் வந்த ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் யுக்திபாஷா எழுதினார். அது மலையாளத்தில் எழுதப்பட்டது, ஒவ்வொரு முடிவும் ஏன் சரி என்று விளக்கியும் சொல்கிறது. கணக்கை வீட்டு மொழியில், காரணத்தோடு சொல்லலாம் என்று காட்டிய புத்தகம் நம் பக்கத்து மாவட்டங்களில் பிறந்திருக்கும்போது, நம் பிள்ளைகள் காரணம் தெரியாமல் சூத்திரத்தை உருப்போடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, பனைக்கு வருகிறேன். ஏற்றக்கோணம் பாடம் நடக்கும்போது பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது வழக்கம். கோணமானியின் நடுவில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கருவி தயார். விளிம்பு வழியாகப் பனையின் உச்சியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். 45 டிகிரி வந்ததும் நிற்க வேண்டும். அங்கே எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் சமம், ஆகவே பனைக்கும் நமக்கும் உள்ள தூரமே கண்ணுக்கு மேலே உள்ள உயரம். அன்று 14 மீட்டர் வந்தது. கண் மட்டம் 1.4. மொத்தம் 15.4. பனையேறும் அண்ணன் ஒருவர் உச்சியிலிருந்து கயிறு விட்டுக் காட்டினார், 15.9 மீட்டர். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. அரை மீட்டர் தப்பு எப்படி வந்தது என்று கணக்கிட்டோம். அந்த இடத்தில் கோணம் ஒரு டிகிரி பிசகினால் உயரம் அரை மீட்டர் பிசகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் நூல் ஒரு டிகிரி ஆடாமல் இருந்தால்தான் அதிசயம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகம் இதைத் தொடுவதில்லை. 45 டிகிரியில் நின்றால் ஒரு டிகிரி பிசகு உயரத்தை நூற்றுக்கு மூன்றரை பங்கு மாற்றும். மிகத் தள்ளி நின்று 10 டிகிரியில் பார்த்தாலோ, மிக நெருங்கி நின்று 80 டிகிரியில் பார்த்தாலோ அதே பிசகு நூற்றுக்குப் பத்து பங்காகிவிடும். 45தான் மிகப் பத்திரமான இடம். நில அளவைக்காரர்களும் ஊசிபோல் ஒடுங்கிய முக்கோணத்தைத் தவிர்ப்பார்கள், 30 டிகிரிக்குக் குறைந்த கோணம் வேண்டாம் என்பது அவர்கள் பழக்கம். தாளில் எல்லா முக்கோணமும் ஒன்றுதான். மண்ணில் அப்படியில்லை.

இப்போது என் தவறு. ஒரு சோதனைத் தாளில் இப்படிக் கேட்டிருந்தேன்: முக்கோணத்தின் ஒரு கோணம் 30 டிகிரி. அதை ஒட்டிய ஒரு பக்கம் 10 மீட்டர். அந்தக் கோணத்துக்கு எதிர்ப்பக்கம் 6 மீட்டர். மூன்றாவது பக்கம் எவ்வளவு? என் விடை 11.98. எல்லோரும் அதையே எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் 5.34 என்று எழுதியிருந்தாள். படத்தில் அவள் முக்கோணம் ஒல்லியாகப் படுத்திருந்தது. நான் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். சரியாகப் படிக்கக்கூட இல்லை.

மறுநாள் எல்லோரும் போன பிறகு தாளோடு வந்து நின்றாள்.

"டீச்சர், என் முக்கோணமும் மூடுதுங்க."

வாங்கி அளந்து பார்த்தேன். மூடுகிறது. 30 டிகிரி இருக்கிறது, 10 இருக்கிறது, 6 இருக்கிறது. நான் கொடுத்த மூன்று செய்திக்கும் அவள் முக்கோணம் முழுக்க உண்மையாக இருந்தது. கால்குலேட்டரில் சைன் மதிப்பு 0.8333 போட்டால் 56.44 டிகிரி என்று மட்டும் சொல்லும். 180லிருந்து அதைக் கழித்தால் வரும் 123.56 டிகிரிக்கும் அதே சைன் என்பதை அது சொல்லாது. நான் பொத்தானை நம்பினேன், அவள் காம்பஸ் வைத்து வரைந்து பார்த்திருக்கிறாள். வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மார்க்கைத் திருத்துவது மட்டும் போதாது என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் புது நிலத்துக்கே எல்லோரையும் கூட்டிப்போனேன். கம்பிவேலியின் மூலைக்கல்லிலிருந்து, வேலிக்கு 30 டிகிரி திரும்பி, 10 மீட்டரில் ஒரு முளைக்குச்சி அடித்தோம். 30 டிகிரிக்குக் கயிற்றில் மூன்று சம பக்கம் கட்டி 60 எடுத்து, அதைப் பாதியாக்கினோம். முளையில் 6 மீட்டர்க் கயிறு. மேயக் கட்டிய ஆடு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முளையிலிருந்து வேலிக்கு நேர்த்தூரம் 5 மீட்டர். கயிறு 4 மீட்டராக இருந்தால் ஆடு வேலியைத் தொடாது. 5 என்றால் ஒரே இடத்தில் தொட்டு நிற்கும். 5க்கும் 10க்கும் நடுவே எந்த நீளமானாலும் இரண்டு இடத்தில் தொடும். 10க்கு மேலே போனால் ஒன்று மூலைக்கு அந்தப் பக்கம் விழுந்துவிடும், மறுபடி ஒரே இடம். கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணே நடந்தாள். வேலியில் இரண்டு இடத்தில் சாக்பீஸ் குறி போட்டாள். ஒன்று மூலையிலிருந்து கிட்டத்தட்ட 12 மீட்டர். மற்றதை டேப் பிடித்துப் படித்தாள்.

"5 மீட்டர் 38 டீச்சர். 5.34தானுங்க வரணும்?"

கால் டிகிரி பிசகினாலே அந்தக் குறி மூன்றரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அப்புறம் மற்றவர்கள் இளநீர் வெட்டப் போனபோதும் போகாமல், முளைக்குச்சியைப் பிடுங்கி, கயிற்றைத் திரும்பவும் மூன்றாக மடித்து, மூலைக்கல்லிலிருந்து 30 டிகிரியைப் புதிதாக எடுக்கத் தொடங்கினாள்.